ஏழாம் அத்தியாயம்: கலங்கும் காற்றில் கோள்படம்

கோள்களைப் படமெடுக்கப் பழகுபவர் கைக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்திலோ வட அமெரிக்காவிலோ எழுதப்பட்ட குறிப்புகள். தொலைநோக்கியை வெளியே வைத்துக் குளிரவிடுங்கள், தாழ்வாகத் தெரியும் கோளின் நிறச்சிதறலைச் சரிசெய்யத் தனிக் கருவி வாங்குங்கள், குளிர்கால ஜெட் காற்று விலகும்வரை பொறுங்கள் என்று அவை சொல்லும். அந்த ஊர்களில் மூன்றும் நல்ல யோசனைகள்தான். செங்கல்பட்டில் முதலாவது தலைகீழ், இரண்டாவது வீண் செலவு, மூன்றாவது தவறான மாதத்துக்கு உரியது. கொளவாய் ஏரிப் பக்கமோ, மறைமலை நகரிலோ, திருக்கழுக்குன்றத்திலோ, மாமல்லபுரத்திலோ வீடு உள்ளவருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். 5 முதல் 8 அங்குலம் வரையிலான ஒரு தொலைநோக்கி, ஒரு கோள் கேமரா, ஒரு லேப்டாப் இருந்தால் போதும்.

ஜி.எஸ்.டி. சாலை விளக்குகளையும் மகிந்திரா சிட்டியின் வெளிச்சத்தையும் பற்றி இப்போதே கவலையை விட்டுவிடலாம். விண்மீன் மண்டலங்களைப் படமெடுப்பவருக்குத்தான் நகர ஒளி எதிரி. வியாழனுக்கும் சனிக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. கோள்படத்தைக் கெடுப்பது காற்றின் அசைவு. வான்நோக்குபவர்கள் இதை ‘சீயிங்’ என்பார்கள், அளவிடுவது விகலையில். ஒரு பாகையில் 3600 விகலை. வியாழனின் தட்டு பெரிதாகத் தெரியும் நாட்களிலேயே 45 முதல் 50 விகலைதான். காற்று ஒவ்வொரு புள்ளியையும் 3 விகலைக்குப் பரப்பிவிட்டால் அந்தத் தட்டில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தலைக்கு மேலே இருக்கும் லாபம்

நாம் இருப்பது வட அட்சம் 12.7 பாகையில். கோள்கள் நகரும் பாதை நம் உச்சிக்கு அருகிலேயே போகிறது. 2019 ஜூனில் வியாழன் நம் வானில் சூரியனுக்கு நேரெதிர் வந்தபோது அது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 22 பாகைக்கு மேல் இறங்கியிருந்தது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 16 பாகை உயரம்தான் ஏறியது. செங்கல்பட்டில் 55 பாகை ஏறியது. லண்டன்காரர் நம்மைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காற்றின் ஊடாக அதைப் பார்த்தார். நமக்கு மிக மோசமான ஆண்டே இப்படி என்றால் மற்ற ஆண்டுகளைச் சொல்ல வேண்டியதில்லை. நிறச்சிதறல் திருத்தும் கருவியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கோள் 60 பாகைக்கு மேல் இருக்கையில் படமெடுக்கும் வசதி நமக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் உண்டு.

கடலோர நகரத்தில் உருப்படியான கோள்படம் வராது என்று சொல்பவர்களுக்குப் பிலிப்பைன்ஸின் செபு நகரத்தைக் காட்டலாம். அது 10 பாகை வட அட்சத்தில் உள்ள, நம்மைப் போலவே புழுக்கமான, விளக்குகள் நிறைந்த கடற்கரை நகரம். 2006 பிப்ரவரியில் வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவந்துவிட்டதை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அங்கே 11 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்த கிறிஸ்டஃபர் கோ. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1689 டிசம்பரில், நம் கரையில் சற்றுத் தெற்கே புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டுகொண்டார். அந்த விண்மீன் இங்கே 17 பாகை உயரம்தான் ஏறும். இந்தக் கரையின் காற்று முற்றிலும் உதவாத காற்று அல்ல.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

படம் கலங்கினால் உடனே வானத்தைத் திட்டுவது வழக்கம். கலக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் நிறுத்தி, ஃபோகஸைச் சற்று விலக்குங்கள். விண்மீன் வெளிச்சத் தட்டாக விரியும். அந்தத் தட்டுக்குள் நடப்பதை ஒரு நிமிடம் கவனித்தால் போதும்.

தட்டின் ஒரு விளிம்பிலிருந்து மெல்லிய புகைபோல் ஏதோ மெதுவாக மேலேறினால் கோளாறு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. ஆடி சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருக்கலாம். உங்கள் கையின் சூடாகவோ கேமராவின் சூடாகவோ இருக்கலாம். தட்டு முழுவதும் ஒரே திசையில் வேகமாகக் கோடுகள் ஓடினால் அது உயரத்துக் காற்று; அதற்கு வைத்தியம் இல்லை. திசையே இல்லாமல் சோம்பலாகக் கொதித்தால் அது தரையின் சூடு. நம் பகுதியில் பெரும்பாலான இரவுகளில் காண்பது இந்த மூன்றாவது வகையைத்தான். மூன்றிலும் எளிதில் குணமாவதும் இதுவே.

ஏன் எளிது என்றால், கோள் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளிக்கதிர் உங்கள் குழாய்க்கு வருமுன் கடைசி 100 மீட்டர் உயரத்தை இறங்குகையில் கிடைமட்டமாக 58 மீட்டரைத்தான் கடக்கிறது. கோள் இன்னும் உயர்ந்தால் அந்த வட்டம் இன்னும் சுருங்கும். அதாவது தரைச்சூடு என்ற தொல்லை ஊர் முழுவதற்குமானது அல்ல. உங்கள் மனை, பக்கத்து மனை, எதிர்த்த வீடு, அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் என்னென்ன சூட்டைக் கக்குகின்றன என்று மாலையில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

முதல் குற்றவாளி மொட்டை மாடி. எல்லோரும் அங்கேதான் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வானம் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட்டும் தட்டோடும் நள்ளிரவு தாண்டியும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். வேறு வழி இல்லையென்றால் சூரியன் சாய்ந்ததும் மாடியில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தரை உலர்ந்த பின் ஏறுங்கள். மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்காமல் நடுவில் நில்லுங்கள். கொல்லையில் மண் தரையோ புல்லோ இருந்து, உச்சி வானம் மட்டும் தெரிந்தாலும் நான் மாடியை விட்டுவிட்டு அங்கேதான் போவேன். தென்னை ஓலை கிழக்கை மறைத்தால் மறைக்கட்டும். நமக்கு வேண்டிய கோள் உச்சிக்குத்தான் வரப்போகிறது.

அடுத்தது ஏசியின் வெளிப்பெட்டி. சித்திரை, வைகாசி இரவுகளில் தெருவில் அத்தனை வீட்டிலும் அது ஓடும். உங்கள் வீட்டுப் பெட்டியைப் படம் முடியும்வரை நிறுத்தலாம். பக்கத்து வீட்டாரிடம் அப்படிக் கேட்க முடியாது. காற்று அந்தப் பெட்டியிலிருந்து உங்களை நோக்கி வராத மூலையைத் தேர்ந்தெடுங்கள். தெருவுக்கே கரண்ட் போய், லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால், அந்த அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். அதன்பிறகு வருபவை பக்கத்துத் தகரக் கூரை, தார்ச்சாலை, தண்ணீர்த் தொட்டியின் கருப்புச் சுவர்.

குழாய்க்குள் உள்ள சூட்டுக்கு வருவோம். குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடாக இருக்கும் தொலைநோக்கியை வெளியில் குளிரவிட வேண்டும். இங்கே ஏசி அறையில் 24 டிகிரியில் இருந்த தொலைநோக்கியை 28 டிகிரி புழுக்கத்துக்குள் கொண்டுவருகிறோம். வந்த மாத்திரத்தில் ஆடியும் முன்வில்லையும் வியர்த்துப்போகும். துணியால் துடைக்கவே கூடாது, பூச்சு கீறும். ஏசி இல்லாத அறையிலோ, நிழலான கொட்டகையிலோ அதை நிரந்தரமாக வைத்திருப்பதே தீர்வு. நம் ஊரில் இரவு முழுக்க வெப்பநிலை சில டிகிரிதான் இறங்கும். எனவே வெளிக்காற்றோடு ஒன்றிவிட்ட ஆடி விடியும்வரை பெரிதாகப் பின்தங்காது. ஆடிக்குப் பின்னால் சின்ன மின்விசிறி ஒன்று ஓடினால் மிச்சமும் சரியாகும். தொலைநோக்கியை வைத்துப் பூட்டும் அறையில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், மாதம் ஒரு முறை வறுத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும்.

மாதங்களின் குணம்

மேலைநாட்டுக் குறிப்புகள் எச்சரிக்கும் குளிர்கால ஜெட் காற்று நம் தலைக்கு மேல் ஓடுவதில்லை. அது வட இந்தியாவின் மேலே போய்விடும். நமக்கு உரியது வேறொன்று. வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் விவரித்த வெப்பமண்டலக் கீழை ஜெட், தென்மேற்குப் பருவக்காலத்தில் ஏறக்குறைய சென்னையின் அட்சத்திலேயே கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. உயரம் 14 முதல் 16 கிலோமீட்டர். ஜூலை, ஆகஸ்டில் வேகம் விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டுவது வழக்கம். இணையத்தில் காற்று வரைபடம் பார்ப்பவர்கள் வழக்கமான 250 மில்லிபார் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் இது கண்ணில் படாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை 150 மில்லிபாரையும் பாருங்கள். அந்த மாதங்களில் பகலில் மேல்காற்று அனலாக வீசும், மாலையில் இடிமழை கொட்டும். மழை கழுவிய வானம் பளிச்சென்று இருக்கும், விண்மீன்கள் துடிக்கும். பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பிக் கடையை விரிக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேகம் விட்ட இடைவெளியில் எடுத்தால் உண்டு.

மார்கழியிலிருந்து பங்குனிவரைதான் நம் பருவம். ஏரிகள் நிரம்பியிருக்கும், மண் ஈரமாக இருக்கும், தரைச்சூடு குறைவு. பின்னிரவில் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் மெல்லிய பனிமூட்டம் படியும். வானம் மங்கித் தெரிகிறதே என்று பலர் உள்ளே போய்விடுகிறார்கள். மூட்டம் படிந்திருப்பதே காற்று அசையாமல் நிற்பதற்கு அடையாளம். அந்த மங்கலில் வியாழனின் பட்டைகள் செதுக்கியதுபோல் நிற்பதுண்டு. அன்று இரவு நீங்கள் போராட வேண்டியது பனி ஈரத்தோடு மட்டும். குழாயின் வாயில் நீளமான பனிக்காப்புக் குழல் மாட்டி, முன்வில்லையைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

கரையா, உள்ளூரா?

மாசி முதல் சித்திரைவரை மாலையில் கடற்காற்று வீசும். நீரின் மேல் நெடுந்தூரம் வரும் காற்று ஒரே சூட்டில், சீராக வருகிறது. கரையைத் தாண்டி வெந்த தரையின் மேல் ஏறியதும் கலங்கத் தொடங்குகிறது. உள்ளே போகப்போகக் கலங்கிய அடுக்கின் உயரமும் கூடும். எனவே அந்த மாதங்களில் முன்னிரவுக்கு மாமல்லபுரம், பட்டிபுலம், தேவனேரி போன்ற கரையோரம் செங்கல்பட்டைவிட நல்லது. நள்ளிரவுக்குப் பின் காற்று திரும்பித் தரையிலிருந்து கடலுக்குப் போகும்போது அந்தச் சலுகை போய்விடும். அப்போது வீட்டுக் கொல்லையே போதும்.

கரையில் நிற்பதாக இருந்தால் உங்களுக்கும் கடலுக்கும் நடுவே சாலையோ, கட்டடமோ, சவுக்குத் தோப்போ இருக்கக் கூடாது. தோப்பு காற்றைத் தடுக்கும் என்று அதன் பின்னால் ஒதுங்கினால் மரத்தலைகளில் அடித்துச் சுழன்று வரும் காற்றுதான் உங்கள் தலைக்கு மேல் இருக்கும். அலை விளிம்பிலும் நிற்காதீர்கள். உப்புத் திவலை ஆடியின் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால் மணலில் வெள்ளை விளக்கு வேண்டாம். மங்கிய சிவப்பு விளக்கும், வெளிச்சம் குறைத்த திரையும் போதும். கல்பாக்கம் அணுமின் வளாகத்தின் வேலிக்குப் பக்கத்தில் குழாயை நிறுத்தி வைத்துக்கொண்டு காவலரிடம் வானியல் விளக்க வேண்டிய நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய ஆடி எப்போது பாரம்?

காற்று கலங்கிய இரவிலும் கண நேரம் அமைதி வரும். விநாடிக்கு நூறு ஃபிரேம் வீதம் படமெடுத்து, அந்தக் கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவதே இன்றைய கோள்படக் கலை. அப்படி ஒரு நல்ல ஃபிரேம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1978இல் டேவிட் ஃபிரைட் ஒரு சூத்திரம் தந்தார். நல்ல ஃபிரேம் என்று அவர் எடுத்துக்கொண்டது அலைமுகத்தின் சிதைவு ஒரு ரேடியனுக்குள் அடங்கிய ஃபிரேமை.

3 விகலை சீயிங் உள்ள இரவுக்கு அதில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 300 மி.மீ. ஆடிக்குப் பத்தாயிரத்தில் இரண்டு ஃபிரேம் தேறுகிறது. 200 மி.மீ. ஆடிக்கு நூற்றில் ஆறு. 150 மி.மீ. ஆடிக்கு நூற்றில் நாற்பத்து நான்கு. அடுக்கும் மென்பொருள்கள் கோளின் தட்டைத் துண்டு துண்டாகப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே தேர்வதால் நடைமுறையில் பெரிய ஆடியின் நிலை இவ்வளவு பரிதாபமில்லை. ஆனாலும் கலங்கிய இரவில் 6 அங்குலக்காரர் 12 அங்குலக்காரரைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. உங்களிடம் 8 அங்குல நியூட்டோனியன் இருந்தால், காலண்டர் அட்டையில் 150 மி.மீ. வட்டம் வெட்டி, குழாயின் வாயில் நடுவாக ஒட்டிப் பாருங்கள். திரையில் தட்டு அடங்கினால் அப்படியே எடுங்கள். அடங்காவிட்டால் அட்டையைக் கழற்றிவிடுங்கள். செலவில்லாத சோதனை.

இன்னொரு வழி நிறத்தை மாற்றுவது. அலைநீளம் கூடினால் காற்றின் கலக்கம் குறையும். 685 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் ஐ.ஆர். ஃபில்டரை அதே 200 மி.மீ. ஆடியில் போட்டால், அதே இரவில், நூற்றில் ஆறு என்பது முப்பத்தேழாகிறது. விலையாக நுண்மையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழக்கிறோம். 0.58 விகலைவரை பிரித்துக் காட்டக்கூடிய ஆடி 0.72 விகலையோடு நின்றுவிடும். 3 விகலை இரவில் இது கணக்கில் கொள்ள வேண்டிய நஷ்டமே அல்ல. செவ்வாயின் கரும்பகுதிகள் இந்த ஃபில்டரில் மிக நன்றாக எழும். வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி மட்டும் வெளுத்துப்போகும்; அதற்கு வண்ணப் படம் ஒன்றைத் தனியே எடுத்து மேலே சேர்க்க வேண்டும். ஒரே ஒரு துணைக்கருவிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

கேமராவின் பின்னால்

பார்லோ வில்லையில் பேராசை வேண்டாம். கேமராவின் பிக்சல் 2.9 மைக்ரான் என்றால், அமைதியான இரவில் குவிய விகிதம் 14 வரை போகலாம். கலங்கிய இரவில் 9 அல்லது 10 போதும். திரையில் கோள் சின்னதாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபிரேமுக்கு 5 முதல் 10 மில்லிவிநாடி. அதற்கு மேல் போனால் காற்றின் அசைவு ஃபிரேமுக்குள்ளேயே பதிந்துவிடும். ஹிஸ்டோகிராம் பாதியைத் தொடும்வரை கெயினை ஏற்றுங்கள். வரும் இரைச்சலை அடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஃபயர்கேப்சர் அல்லது ஷார்ப்கேப் மென்பொருளில் கோளைச் சுற்றி 640 × 480 சட்டம் வெட்டினால் விநாடிக்கு நூறு ஃபிரேமைத் தாண்டலாம். இரண்டு நிமிடத்தில் 12,000 ஃபிரேம். நூற்றில் ஆறு தேறினாலும் 720 கையில் இருக்கும்.

எத்தனை நிமிடம் ஓடலாம் என்பதைக் கோளின் சுழற்சி முடிவு செய்கிறது. வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்று சுற்றுகிறது. தட்டின் நடுவில் ஒரு புள்ளி நிமிடத்துக்கு 0.23 விகலை நகரும். ஆகவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். செவ்வாய்க்கு ஐந்து நிமிடமும் சனிக்கு அதற்கு மேலும் தாங்கும். பல வீடியோக்களைச் சுழற்சி திருத்தி ஒன்றாக்க வின்ஜூபோஸ் இருக்கிறது.

கலங்கிய இரவில் ஃபோகஸ்தான் கழுத்தறுக்கும். கோளின் விளிம்பைப் பார்த்து ஃபோகஸ் செய்ய முயலாதீர்கள். அது ஒருபோதும் நிற்காது. பக்கத்து விண்மீனுக்குப் போய் பஹ்தினோவ் முகமூடி போட்டுக் கோடுகளை நடுவுக்குக் கொண்டுவந்து, தொடாமல் கோளுக்குத் திரும்புங்கள். வியாழன் என்றால் அதன் நிலவுகளே உதவும்.

தாங்கி பற்றி இரண்டு உள்ளூர்ச் சிக்கல்கள். துருவ விண்மீன் இங்கே ஏறத்தாழ 13 பாகை உயரத்திலேயே, பெரும்பாலும் மரத்துக்கோ மூட்டத்துக்கோ பின்னால் இருக்கிறது. சில தாங்கிகளின் அட்சத் திருகு அவ்வளவு தாழ இறங்காது. வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள். டாப்சோனியன் வைத்திருப்பவருக்கு உச்சியே தொல்லை. அங்கே குழாயைத் திருப்பினால் கோள் நழுவும். கோள் உச்சியைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ எடுத்தால் உயரம் 65 பாகைக்குக் குறையாது, கையும் ஓடும்.

கணினி வேலையை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கலாம். கலங்கிய இரவின் வீடியோவுக்கு இரண்டு விஷயம் மட்டும் இப்போது. ஃபிரேம்களை அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட்டில் ஒட்டுப்புள்ளிகளைப் பெரிதாக வையுங்கள், 80 பிக்சலுக்கு மேல். சின்னப் புள்ளிகள் காற்றின் நெளிவையே கோளின் விவரம் என்று நம்பிவிடும். ரெஜிஸ்டாக்ஸின் கூர்மைத் திருகுகளைப் படத்தில் விவரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஏற்றினால் விளிம்பில் வெள்ளை வளையம் முளைக்கும். அது வியாழனில் இல்லாத வளையம்.

இனி வரும் நாட்கள். சனி 2026 அக்டோபர் 4இல் நேரெதிர் வருகிறது. அதற்குச் சில வாரங்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அவசரப்படாமல் தை பிறந்த பின் மாலை மங்கியதும் மேற்கே பார்த்து எடுங்கள். அப்போதும் நல்ல உயரத்தில்தான் இருக்கும். 2027 பிப்ரவரிதான் நமக்கான மாதம். 10ஆம் தேதியை ஒட்டி வியாழனும், 19ஆம் தேதி செவ்வாயும் நேரெதிர் வருகின்றன. இரண்டும் சிம்ம விண்மீன் கூட்டத்தில், இரண்டும் நள்ளிரவை ஒட்டி நம் உச்சிக்கு மூன்று பாகைக்குள் வரும். செவ்வாயின் தட்டு 13.8 விகலைதான். 2035 செப்டம்பரில் அது 24.6 விகலைக்கு வளரும், ஆனால் அது கீழை ஜெட்டின் மாதம். எனவே 2035க்குக் காத்திருக்காமல் ஐ.ஆர். ஃபில்டரை இந்த மழைக்காலம் முடிவதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.